14 கடிதம் போட்டாச்சு, ஒரு பதிலும் இல்லை

கேள்வி: அக்கா, நான் முல்லைத்தீவில ஒட்டுசுட்டான். ஏஎல் கொமேர்ஸ், பிறகு கொம்பியூட்டரில என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் முடிச்சனான், 2 வருசம் ஒரு அரிசி ஆலையில நிண்டனான். பேப்பரில வாற வேலையெல்லாத்துக்கும் கடிதம் போடுறன், ஒருத்தரும் இன்டர்வியூக்குக் கூப்பிடேல்ல. கடிதத்தின்ர கொப்பியும் சீவியும் (சுயவிபரக்கோவை) இதோட வச்சிருக்கிறன், என்ன பிழை எண்டு சொல்லுங்கோ.
பேர் போடவேண்டாம், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். கொம்பனிப் பேர் வாற இடத்தில கோடு விட்டு போட்டோக்கொப்பி அடிச்சு, பிறகு நீலப் பேனையால பேரை நிரப்பியிருக்கிறியள். எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் எண்டு பாத்த உடன தெரியுது, அங்கயே மூடி வச்சிடுவினம்.

அடுத்தது, அப்பாவுக்கு ஏலாது, தம்பி படிக்கிறான், "எனது நிலைமையைக் கருத்திற்கொண்டு" எண்டு ஆறு வரி. எனக்கும் வாசிக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. நிவாரணத்துக்கு மனு எழுதி எழுதிப் பழகின கை எங்கட சனத்துக்கு, என்ன செய்யிறது. ஆனா வேலை தாறவர் பாக்கிறது இந்தப் பிள்ளை என்ர கணக்கை ஒழுங்கா முடிச்சுத் தருமோ எண்டதைத்தான்.

அதுக்கு உங்களிட்ட பதில் இருக்கே! சீவியின்ர கடைசியில "கணக்கு எழுதினேன்" எண்டு ரெண்டு சொல்லோட விட்டிட்டியள். காலபோக நெல்லு வந்து குவியேக்க நிறை பாத்து, ஈரத்துக்குக் கழிச்சு, துண்டு எழுதி, பின்னேரம் காசோட கணக்கு ஒத்துவருதோ எண்டு பாத்தது நீங்கள்தானே? அதை முதல் பந்திக்குக் கொண்டுவாங்கோ: "இரண்டு வருடங்களாக அரிசி ஆலையொன்றில் நெல் கொள்வனவுப் பதிவேட்டையும் நாளாந்தக் காசுக் கணக்கையும் பேணி வந்தேன்." கடிதம் எழுத்துத் தமிழிலதான் இருக்கோணும், நான் இதில கதைக்கிற மாதிரி எழுதிப்போடாதேங்கோ. விளம்பரம் இங்கிலீசில வந்தா கடிதமும் இங்கிலீசில. செய்யாத வேலையை எழுதவேண்டாம், இன்டர்வியூவில தோண்டிக் கேப்பினம்.

என்விகியூ 4 எண்டு மொட்டையா எழுதாமல் கோர்ஸின்ர முழுப்பேரையும் போடுங்கோ, அதுக்கு மேல 5, 6 டிப்ளோமாதான், சின்ன விசயமில்ல. கடிதவுறையின்ர இடப்பக்க மூலையில பதவியின்ர பேர் எழுதச் சொல்லியிருந்தா மறக்காதேங்கோ.

உறவினர் அல்லாத 2 பேரின்ர பேர் கேட்ட இடத்தில மாமாவப் போட்டிருக்கிறியள், அவரை எடுத்துவிடுங்கோ. ஆலை முதலாளியப் போடலாம், ஆனா முதல் அவரிட்டச் சொல்லிப்போட்டுப் போடுங்கோ, கொம்பனிக்காரர் கோல் எடுக்கேக்க மனுசன் "ஆர் அந்தப் பிள்ளை?" எண்டு கேட்டா முடிஞ்சுது கதை.