டோக்கியோ கேப்சூல் கோபுரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டடமும் நகரமும் உயிரினம்போல் வளர்ந்து மாற வேண்டும் என்ற ஜப்பானின் மெட்டபாலிஸ்ட் கட்டடக் கலைஞர்களைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய நகாகின் கேப்சூல் கோபுரத்தை 2022இல் இடித்துவிட்டார்கள். 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் கேப்சூல்களை, அதாவது பெட்டி போன்ற சிறு அறைகளை, மாற்றலாம் என்றார்கள். ஒன்றைக்கூட மாற்றவில்லை. பிறகு எதற்கு இந்தப் புகழ்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நகாகின் தோற்றது உண்மைதான். எதனால் தோற்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிஷோ குரோகாவா 1972இல் முடித்த அந்தக் கட்டடத்தில் 140 கேப்சூல்கள். ஒவ்வொன்றும் சுமார் பத்து சதுர மீட்டர். ஒரு பெரிய வட்ட ஜன்னல், சுவரோடு சேர்ந்த மடக்கு மேசை, மூலையில் குளியலறை, அவ்வளவுதான். நடுத்தூணோடு ஒவ்வொன்றையும் பிணைத்தவை நான்கே போல்ட்டுகள். ஆனால் கேப்சூல்களுக்கு இடையிலான இடைவெளி மிகக் குறுகல். கீழே இருப்பதைக் கழற்ற மேலே இருப்பவற்றையும் கழற்றியாக வேண்டும். கேப்சூல்களோ தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. ஒரு அபார்ட்மென்டில் லிஃப்ட் மாற்ற எல்லோரையும் சம்மதிக்க வைப்பதே எவ்வளவு பாடு! கழற்றி மாட்டும் வழியை யோசித்தவர்கள், யார் முடிவெடுப்பது, யார் பணம் போடுவது என்பதை யோசிக்கவில்லை. என் பார்வையில் இதுதான் பெரிய குறை.

ஆனால் மெட்டபாலிஸம் என்றால் குரோகாவா மட்டுமா? 1960இல் டோக்கியோவில் நடந்த உலக வடிவமைப்பு மாநாட்டையொட்டி வந்த இந்தக் குழுவின் அறிக்கையில் கிகுதாகே என்ற கலைஞர் கடல்மேல் மிதக்கும் நகரங்களை வரைந்தார். அதே அறிக்கையில் குழுவின் மற்ற இருவர், மாகியும் ஓதாகாவும், வேறு பாதை சொன்னார்கள்: பிரம்மாண்டச் சட்டகம் வேண்டாம், சின்னச் சின்னக் கட்டடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓர் இடமாக வளரட்டும்.

மாகி அதைச் செய்தும் காட்டினார். டோக்கியோ தைகன்யாமாவில் உள்ள ஹில்சைட் டெரஸின் முதல் பகுதி 1969இல் முடிந்தது, ஆறாவது 1992இல். நிலம் அசகுரா குடும்பத்துடையது, அவர்கள் அவசரப்படவில்லை. வீடும் கடையும் கலந்த தாழ்வான கட்டடங்கள், நடுவில் முற்றங்கள், உள்ளே நுழைந்து வெளியேறும் நடைபாதைகள். அங்கிருந்த பழங்கால ஈமமேட்டைக்கூட மரங்களோடு அப்படியே விட்டு, அதைச் சுற்றியே கட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் பொருளும் ஜன்னலும் மாறின. ஆனாலும் தெரு ஒரே தெருவாக இருக்கிறது.

வளரும், மாறும் கட்டடம் என்று அந்தக் குழு கொடுத்த வாக்கு நிறைவேறியது இங்கேதான். நகாகின் அளவுக்குப் படத்தில் எடுபடாததால் பலருக்கும் இது தெரிவதில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. நேரம் கிடைத்தால் ஆறு கட்டங்களின் வரைபடங்களையும் வரிசையாகப் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.