தளையிடாத நிலம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்கிறேன். சென்ற கோடையில் நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், காஸ்கேட் மலைகளில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றில் நடைபாதைகளைச் சீரமைக்கும் தன்னார்வக் குழுவுடன் மூன்று நாட்கள் சென்றேன். பாதையின் குறுக்கே விழுந்து கிடந்த ஒரே ஒரு மரத்தை, இரு முனையிலும் கைப்பிடி உள்ள நீண்ட ரம்பத்தால் நான்கு பேர் மாறி மாறி அறுத்து முடிக்க அரை நாளுக்கு மேல் ஆயிற்று. மோட்டார் ரம்பம் இருந்தால் கால் மணி நேர வேலை. சட்டம் அனுமதிக்காது என்றார்கள். நல்ல மனிதர்களின் உழைப்பை வீணாக்கும் சடங்காகவே எனக்கு அது தோன்றியது. அதற்குப் பதிலாக வனத்துறைக்கு ஒரு தொகையை நன்கொடையாகக் கொடுத்துவிடலாமே? இந்த ஆண்டு பதினோரு வயதான என் மகளையும் அழைத்து வரச் சொல்கிறார்கள். அதனால் அவளுக்குப் பயன் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மரத்தை எதற்காக அறுத்தீர்கள் என்பதை உங்கள் குழுவில் யாரும் விளக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பாதையில் மரம் விழுந்தால் நடப்பவர்கள் திரும்பிப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள். முதல் பத்துப் பேரின் கால்பட்டுச் செடிகள் சாய்கின்றன, அடுத்து வருபவர்களின் காலில் மண் இறுகுகிறது, மழைநீர் அந்தப் புதிய தடத்தைக் கால்வாயாக்கி மண்ணை அரித்துச் செல்கிறது. உயர்மலைப் புல்வெளிகளில் அப்படி அழிந்த செடிகள் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே நீங்கள் அறுத்தது ஒரு மரத்தை என்றாலும், காத்தது அதைச் சுற்றியிருந்த நிலத்தை.

அதை ஏன் கையால் அறுக்க வேண்டும் என்பதற்கு விடை 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டத்தில் இருக்கிறது. அதன் வரைவை எழுதிய ஹோவர்ட் ஜானிசர் எட்டு ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதி, அது சட்டமாவதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமானார். வனாந்தரத்தை வரையறுக்க அவர் தேர்ந்த சொல் 'அன்ட்ராமல்ட்'. பலர் இதை 'மிதிபடாத' என்ற பொருள் தரும் வேறொரு சொல்லாகப் பிழைபட வாசிக்கிறார்கள். 'டிராமல்' என்பது மீன் வலையையும், குதிரையின் நடையைக் கட்டுப்படுத்த அதன் காலில் பூட்டும் விலங்கையும் குறிக்கும் சொல். தமிழில் அதற்கு நேராகத் 'தளை' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. மனிதர் தளையிடாத நிலம் என்பதே சட்டத்தின் கருத்து. மனிதர் கால் வைக்கக்கூடாத நிலம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

இதனால்தான் அங்கே மோட்டார் கருவிகளும், வாகனங்களும், விமானம் இறங்குவதும் தடுக்கப்பட்டுள்ளன. சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. மண் சுமக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் இந்தத் தடைக்குள் அடங்குகிறது. உயிர் காப்பது போன்ற அவசரங்களுக்கும், நிர்வாகத்துக்குத் தவிர்க்கவே முடியாத குறைந்தபட்சத் தேவைக்கும் விலக்கு உண்டு. ஆனால் வேகமும் வசதியும் அத்தகைய தேவைகள் ஆகா. இயந்திரம் கையில் இருக்கும்வரை செய்ய முடிவதையெல்லாம் செய்யத் தோன்றும். கை ரம்பத்தோடு போகிறவர் எதைச் செய்தே ஆகவேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையைத்தான் நான் நிலப்பராமரிப்பின் மையம் என்று கருதுகிறேன்.

ரம்பத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இருவர் பிடிக்கும் அந்த ரம்பத்தை இழுக்கத்தான் வேண்டும், தள்ளக்கூடாது. தள்ளினால் மெல்லிய அலகு வளைந்து சிக்கிக்கொள்ளும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்திவிட வேண்டும். மரத்தின் எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது, எங்கே ஆப்பு வைத்தால் வெட்டு மூடிக்கொள்ளாது என்பதை அறுக்கும் முன்பே படித்தறிய வேண்டும். இதற்காக வனத்துறை படிநிலைகள் வகுத்துப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. உங்கள் அரை நாளில் பெரும்பகுதி இந்தப் படிப்பில் கழிந்திருக்கும். அதை நீங்கள் தாமதம் என்று எண்ணிவிட்டீர்கள்.

நன்கொடை கொடுங்கள், அது மிக அவசியம். தொடக்கத்தில் 54 பகுதிகளாக, ஏறத்தாழ 91 லட்சம் ஏக்கராக இருந்த இந்த வனாந்தரங்கள் இன்று 800-க்கும் மேற்பட்ட பகுதிகளாக, 11 கோடி ஏக்கருக்கு மேல் விரிந்துள்ளன. அவற்றைக் காக்க ஊதியம் பெறும் பணியாளர்கள் மிகச் சிலரே. தன்னார்வலர்கள் அவர்களுக்கு மாற்று ஆகமாட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இலவச உழைப்பைக் காட்டிப் பணியிடங்களைக் குறைப்பது எந்த அரசுக்கும் எளிது. ஆயினும் பணம் கொடுத்தவர் அந்த நிலத்தைப் பற்றி எதுவும் அறியாமலே இருந்துவிடலாம். ஒரு நாள் அங்கே வடிகால் தோண்டியவர் அடுத்த முறை சேற்றைத் தவிர்க்கப் பாதையின் ஓரத்தை மிதிக்க மாட்டார்.

கல்வியின் பக்கத்தில்தான் எனக்கு மனக்குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மொன்டானாவில் ஒரு சிறுவர் முகாமைப் பார்த்தேன். காட்டுக்குச் செல்வோர் அதற்குச் சேதம் செய்யாதிருக்க வகுத்த 'தடம் விடாதே' நெறிகள் ஏழையும் வழிகாட்டி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்கவில்லை, கேட்கும்படி அவரும் பேசவில்லை. அந்த நெறிகளில் ஒன்று பலர் செல்லும் இடத்தில் ஏற்கெனவே தேய்ந்த இடத்திலேயே கூடாரம் அடிக்கச் சொல்கிறது. யாரும் செல்லாத இடத்திலோ பரவித் தங்கச் சொல்கிறது. காரணம் தெரியாதவருக்கு இது முரணாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு புதிய இடத்தில் மிகுதியான சேதம் முதல் சில இரவுகளிலேயே நேர்ந்துவிடுகிறது, அதன்பின் எத்தனை பேர் தங்கினாலும் கூடுவது சிறிதே என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். நெறியில் சொல்லப்படாத இடத்திலும் தானே முடிவெடுக்கும்.

மற்றொன்றையும் அங்கே மறைக்காமல் கற்பிக்க வேண்டும். மனிதர் அங்கே தங்காத விருந்தினர் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, கிழங்கு அகழ்ந்து, தீமூட்டிப் புல்வெளி காத்து வாழ்ந்தார்கள். மொன்டானாவின் சேலிஷ், கூட்டெனாய் மக்கள் 1982-இல் தம் மிஷன் மலைகளைத் தாமே பழங்குடி வனாந்தரமாக அறிவித்தார்கள். வனாந்தரம் என்றால் வெற்று நிலம் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியே பெரிய திறப்பாக இருக்கும்.

உங்கள் மகளை அழைத்துச் செல்லுங்கள். 1955-இல் எலிசபெத் குஷ்மன் என்ற கல்லூரி மாணவி, தேசியப் பூங்காக்களில் மாணவர்களே உழைக்கலாம் என்று தன் பட்ட ஆய்வேட்டில் எழுதினார். 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் முதல் மாணவர் குழுக்கள் வேலையைத் தொடங்கின. இளையோரை நம்பி வேலை கொடுக்கும் வழக்கத்துக்கு அங்கே அத்தனை வயதாகிறது. மகளுக்கு ரம்பம் தரமாட்டார்கள், தரவும் கூடாது. பாதையின் குறுக்கே சாய்வாகக் கட்டைகளோ கற்களோ பதித்து நீரை ஓரத்துக்குத் திருப்பும் சிறு தடுப்புகள் இருக்கும். அவற்றின் பின்னால் சேர்ந்த மண்ணையும் இலைகளையும் அகற்றும் வேலையை அவளுக்குக் கேட்டு வாங்குங்கள். எந்தப் படமும் அழகாக வராத வேலை அது. பிறகு இலையுதிர்கால மழை தொடங்கியதும், வேறு மலைக்குப் போகாமல், அதே பாதைக்கு அவளைத் திரும்ப அழைத்துச் செல்லுங்கள். அவள் துப்புரவு செய்த தடுப்பில் நீர் திரும்பி ஓரத்துச் சரிவில் இறங்குகிறதா என்று அவளே குனிந்து பார்க்கட்டும்.

அன்புடன்