வெள்ளிக்கிழமை ஜெபமும் துபாய் விசாவும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தெருவில் பெண்கள் ஒன்பது பேர், நாலு வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மாற்றி வீடு ஜெபம் வைக்கிறோம். எங்களில் ஒரு அக்கா, இருக்கிற இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு விட்டு மகனைத் துபாய்க்கு அனுப்பலாமா என்று வழிநடத்துதல் கேட்டார். ஒரு சகோதரி, "போகட்டும் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார். அடுத்த வாரம் இன்னொருவர், "எனக்கு ஒரே இருட்டாகக் காட்டினார், வேண்டாம்" என்றார். இப்போது இரண்டு கட்சி. கேட்ட அக்காவே வருவதில்லை. ஐந்து பேர்தான் கூடுகிறோம். யார் சொன்னது கர்த்தருடைய வார்த்தை? குழுவை நிறுத்திவிடலாமா?
- ஒரு சகோதரி

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். 1707-ல் தரங்கம்பாடியில், ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க்கின் மிஷனில் முதன்முதல் ஞானஸ்நானம் வாங்கியவர்களும் ஐந்து பேர்தான். டேனிஷ்காரர் வீடுகளில் அடிமை வேலை செய்தவர்கள். ஐந்து போதும்.

யார் சொன்னது சரி என்று என்னைப் பஞ்சாயத்துக்கு இழுக்காதீர்கள். "கர்த்தர் சொல்கிறார்" என்று ஒருவர் ஆரம்பித்த பிறகு மற்றவர் வாய் திறக்க முடியுமா? திறந்தால் கர்த்தரையே எதிர்த்த மாதிரி ஆகிவிடும். அதனால் அடுத்தவரும் "எனக்கும் காட்டினார்" என்றுதான் வர வேண்டியிருக்கிறது. "எனக்கு இப்படித் தோணுது அக்கா, நீங்களும் யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இதுதானே: இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் (1 கொரி. 14:29). உங்கள் குழுவில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நிதானிக்கிறவர்களைக் காணோம்.

அப்போஸ்தலர் 21-ஐ அடுத்த கூடுகையில் நிறுத்தி வாசியுங்கள். இடம் செசரியா, பிலிப்பின் வீடு. அதுவும் வீட்டுக் கூடுகைதான். அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, எருசலேமில் பவுலைக் கட்டிப்போடுவார்கள் என்கிறான். பவுல் போகக்கூடாது என்று அவன் சொல்லவில்லை, கவனித்தீர்களா? போக வேண்டாம் என்று அழுதது கூடியிருந்தவர்கள். எழுதிய லூக்காவும் "நாங்களும்" என்று தன்னைச் சேர்த்துக்கொள்கிறார். பவுல் கேட்கவில்லை. கடைசியில், கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கடுத்த இரண்டு வசனங்கள்தான். வேண்டாம் என்று அழுத அந்தச் செசரியாக்காரர்களில் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு அவரோடு கூடவே போகிறார்கள். மினாசோன் என்ற பழைய சீஷன் ஒருவரிடம் தங்க இடமும் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

உங்கள் அக்காவோடு யார் கூடப் போனீர்கள்?

பொறையாறில் என் அம்மாவின் ஜெபக்குழுவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தேதி, பேர், விண்ணப்பம், எதிரே காலி இடம். ஒரு பக்கத்தில் "மேலவீட்டு அக்கா - மாடு சினை நிற்கவில்லை" என்றிருக்கும். எதிரே அம்மாவின் கோணல் எழுத்தில் "மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தோம்." அவ்வளவுதான். ஜெபம் கேட்கப்பட்டதா, மாடு சினை பிடித்ததா, ஒன்றும் எழுதவில்லை!

ஆகவே துபாய் விஷயத்திலும் விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள். ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இ-மைகிரேட் இணையதளத்தில் பேரைப் போட்டுப் பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். நிலத்தை ஒத்தி வைக்கிற அளவுக்குக் கேட்கிறார் என்றால் அதுவே ஒரு பதில் இல்லையா? "முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், போவதா வேண்டாமா என்பது அந்தத் தாயும் மகனும் எடுக்க வேண்டிய முடிவு. குழு ஓட்டுப் போட வேண்டிய காரியமல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வாய் உள்ளவர்கள் இருபது நிமிஷம் ஜெபிக்கிற இடத்தில், அக்கா மாதிரி ஆள் வாயைத் திறப்பதற்குள் ஆமென் வந்துவிடும். தலைமடையே தண்ணீரைத் தேக்கினால் கடைமடை என்ன ஆகும் என்று மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? முறை வையுங்கள். முதலில் அக்கா பேசட்டும், ஜெபம் அப்புறம். அங்கே பேசியது அந்தப் பாயோடு நிற்கட்டும், தண்ணீர்க் குழாயடிக்குப் போகக்கூடாது. பலகாரத்தையும் விட்டுவிடுங்கள். கேசரி செய்ய முடியாத வீட்டில் ஜெபம் வைக்கத் தயங்குவார்கள். கடுங்காப்பி போதும்.

அந்த இரண்டு சகோதரிகளும் சேர்ந்தே அக்கா வீட்டுக்குப் போகட்டும். யார் சொன்னது சரி என்ற பேச்சே வேண்டாம். "உங்களைக் குழப்பிட்டோம்கா" என்று ஒரு வார்த்தை. அடுத்த வெள்ளி அவர் வீட்டிலேயே கூடுங்கள். பையனையும் இருக்கச் சொல்லுங்கள், ஏஜென்ட் கொடுத்த காகிதங்களோடு.