வெடித்த டேங்க்கை எடைக்குப் போட விடாதீர்கள்

கேள்வி: பட்டறையில் ஏர் கம்ப்ரஸர் டேங்க் வெடித்து என் வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. காதில் இன்னும் ‘ஙொய்’ என்று சத்தம். சேஃப்டி வால்வில் காற்று கசிகிறது என்று ஒரு மாதம் முன்பு அதைக் கழற்றிப் பிளக் போட்டு அடைத்தது நான்தான், சூப்பர்வைசர் சொல்லித்தான் செய்தேன். “தப்பு உன் மேல், ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு” என்கிறார் முதலாளி. போடலாமா?

பதில்: போடாதீர்கள். அதைவிட அவசரமான விஷயம், அந்த டேங்க் இப்போது எங்கே? பழைய இரும்போடு போய்விட்டால் உங்கள் முக்கியமான சாட்சியும் கூடவே போய்விடும்.

பிளக் அடித்ததால்தான் வெடித்தது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். சேஃப்டி வால்வ் திறப்பது அழுத்தம் அளவைத் தாண்டும்போதுதான். பிரஷர் ஸ்விட்ச் ஒழுங்காக மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்து, வழக்கமான அழுத்தத்திலேயே டேங்க் கிழிந்திருந்தால், வால்வ் இருந்திருந்தாலும் அது திறந்திருக்காது. காற்றை அழுத்தும்போது தண்ணீரும் சேரும், அது டேங்க்கின் அடியில் தேங்கும், தினமும் டிரெயின் வால்வைத் திறந்து விடாவிட்டால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு காகிதம் மாதிரி ஆகியிருக்கும். கிழிந்த விளிம்பைப் பாருங்கள், கை வைக்க வேண்டாம். அடிப்பக்கம் துரு தின்று மெலிந்திருந்தால் கேள்வி பராமரிப்பு பக்கம் திரும்பும், அது முதலாளியின் பொறுப்பு. நல்ல தடிமனுள்ள தகடு உப்பிக் கிழிந்திருந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம், அப்போது பிரஷர் ஸ்விட்சும் முக்கியமாகிவிடும். வெல்டிங் ஓரமாகப் பிரிந்திருந்தால் தயாரித்தவரோ ரிப்பேர் செய்தவரோ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் இன்றே, கை முடியாவிட்டால் யாரையாவது எழுதச் சொல்லி, முதலாளிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: டேங்க், துண்டுகள், பிளக், ஸ்விட்ச், கேஜ் எதையும் அகற்றவோ அறுக்கவோ கழுவவோ கூடாது, இரு தரப்பும் இருக்கும்போதுதான் நிபுணர் சோதிக்க வேண்டும் என்று. நகல் வைத்துக்கொள்ளுங்கள். மீறி அழித்தால், பல நீதிமன்றங்கள் அதை அழித்தவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும். உடன் வேலை செய்பவரிடம் டேங்க்கைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, பெயர்த்தகட்டில் உள்ள வரிசை எண்ணும் தெரியும்படி.

பிளக் விஷயத்தை மறைக்காதீர்கள், பிறகு வெளிவந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். வேலையில் நடந்த விபத்துக்கு யார் தப்பு என்று பாராமலே இழப்பீடு தரும் சட்டம் பல நாடுகளில் உண்டு. ஆனால் பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினார் என்பதை முதலாளி எதிர்வாதமாக வைக்க இடம் கொடுக்கும் சட்டங்களும் உண்டு, அவர் பிடிக்கப்போவது அதைத்தான். மேலதிகாரி சொல்லிச் செய்தது வேறு, தானாகச் செய்தது வேறு. சூப்பர்வைசர் அனுப்பிய மெசேஜ், அப்போது பக்கத்தில் நின்றவர், எது கிடைத்தாலும் பிடித்து வையுங்கள்.

அந்தத் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் முதலாளியோடு சேர்த்து டேங்க் தயாரித்தவர் மீதான வழக்கும் போகலாம். செலவுக்குப் பணம் கொடுத்தால், பெற்றேன் என்று மட்டும் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் காது. இந்த வாரமே செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் வயதானதால் வந்தது என்பார்கள். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, அது ஊருக்கு ஊர் மாறும். கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்காமல் அங்கே உள்ள வக்கீலைப் பாருங்கள், போகும்போது அந்தத் தாளின் போட்டோவையும் கொண்டுபோங்கள்.