சமூகத்தை மாற்ற நினைக்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா. "மகள் சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் என்கிறாள், அதற்கெல்லாம் படிப்பு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. சமூக மாற்றம் நல்ல மனசு மட்டும் இருந்தால் நடந்துவிடுவதில்லை, அதற்கென்று தொழில்திறன்கள் உண்டு. அவை இல்லாமல் ஆர்வத்தோடு மட்டும் களத்துக்குப் போகிற பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் தர மறுத்தது 1955 டிசம்பரில். திடீரென்று வந்த கோபம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவர் 1943-இலேயே ஓர் உரிமை அமைப்பின் உள்ளூர் கிளைக்குச் செயலாளர் ஆனவர். 1955 கோடையில்தான் ஹைலேண்டர் என்ற பயிற்சிப் பள்ளிக்கும் போய்வந்திருந்தார். அதன்பின் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் ஆயிரக்கணக்கானவர்களை யாருடைய கார் எந்த இடத்தில் ஏற்றிக்கொள்வது, பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று உட்கார்ந்து திட்டம் போட ஆட்கள் இருந்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கு தனியாக நடந்தது.

நம் நாட்டிலேயே இன்னொன்று இருக்கிறது, இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994-இல் பொது விசாரணைகளைத் தொடங்கியது. ஊராட்சி வேலைகளின் மஸ்டர் ரோல் (வேலைக்கு வந்தவர்கள் பெயரும் கூலியும் எழுதும் பதிவேடு), பில் எல்லாவற்றையும் திரட்டி, ஊர் கூடிய இடத்தில் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, ஊரைவிட்டே போனவர் பெயரில் கூலி. கேட்டுக்கொண்டிருந்தவர்களே எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்றார்கள். இப்படிக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு, 1996-இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், ஊர் மக்களே கணக்குகளைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் இடம்பெற்றது.

அதனால், பட்டப்படிப்பில் அவசரப்பட்டு சமூகப்பணிதான் எடுக்க வேண்டும் என்றில்லை. சட்டம், புள்ளியியல், கணக்கியல், பொதுச் சுகாதாரம் என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவளாக வரட்டும். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுநிலைப் படிப்பை அப்புறம் படிக்கலாம். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். கணக்கும் தரவும் தெரிந்தவர்களுக்கு ஆய்வு, தணிக்கை, கொள்கை வகுப்பு என்று வேறு கதவுகளும் உண்டு.

படிக்கும்போதே ஏதாவது ஓர் அமைப்பில் சேர்ந்து, யாரும் விரும்பாத வேலைகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, வராமல் போனவரை மறுபடி போய்ப் பார்ப்பது. மற்றவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக் கேட்கும் பழக்கம் அங்கேதான் வரும். வகுப்பறையில் அது வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கும் முன் கல்லூரியில் களப்பணி பற்றி விசாரியுங்கள். மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள்? ஒரே இடத்தில் எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள்? யார் கூட இருந்து சொல்லித்தருகிறார்? பதில் மழுப்பலாக இருந்தால், பெயர் பெரிதாக இருந்தாலும் வேறு கல்லூரி பாருங்கள்.