டேப்லெட்டில் யாளி செதுக்கலாமா? – கணினி கேள்வி பதில்

கேள்வி: 10 அங்குல விண்டோஸ் டேப்லெட்டும் அதன் பேனாவும் வைத்திருக்கிறேன். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அழுத்தினால் கோடு தடிக்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே மாதிரிதான். பேனா போய்விட்டதா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பேனா நன்றாகத்தான் இருக்கிறது; கிரிட்டாவே சாட்சி. அழுத்தத்தை மென்பொருள் இரண்டு வழியில் வாங்கும்: விண்டேப், விண்டோஸ் இங்க். பிளெண்டரில் எடிட், பிரிஃபரன்சஸ், இன்புட் என்று போய் 'டேப்லெட் ஏபிஐ'யை விண்டோஸ் இங்க்குக்கு மாற்றி, ஒருமுறை மூடித் திறங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், பிரஷ்ஷின் ரேடியஸ், ஸ்ட்ரெங்த் எண்களுக்குப் பக்கத்தில் உள்ள பேனாப் படத்தைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் அழுத்தம் ஏறாது. கோடு தொடங்கும்போது பேனா நின்று ஒரு சின்ன வட்டம் வருகிறதா? அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதி அது. கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதியில் எடுத்துவிடலாம்.

கேள்வி: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூணைப் பார்த்து பிளெண்டரில் செதுக்கிவருகிறேன். 8 ஜிபி ராம். பிடரி மயிரைத் தொட்டதும் டேப்லெட் திணறுகிறது. பெரிய கணினி வாங்கியே ஆகணுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம். மொத்த உருவம் நிற்பதற்குள் மயிருக்குப் போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது. கல்லில் வேலை செய்பவர் முதல் நாளே பல்லைச் செதுக்க மாட்டார்.

கோள வடிவம் ஒன்றில் தொடங்கி, கிராப் பிரஷ்ஷால் உடல், கழுத்து, தூக்கிய முன்னங்கால்களை இழுத்து நிறுத்துங்கள். இழுத்த இடத்தில் உருவத்தின் மேற்பரப்பான வலை (மெஷ்) நீளும். வலையைப் புதிதாகப் பின்னும் ரீமெஷ் பட்டனில் வோக்ஸல் (கட்ட) அளவைப் பெரிதாக வைத்து அழுத்தினால் சமமாகும். அளவைப் பாதியாக்கினால் முகங்கள் (வலையின் சிறு கட்டங்கள்) ஏறக்குறைய 4 மடங்காகும்; திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்காக ரொம்பப் பெரிதாக வைத்தால் காது, கோரைப்பல் போன்ற மெல்லிய இடங்கள் கரைந்துபோகும். அவற்றைத் தனிப் பொருளாக வைத்து, கடைசியில் சேருங்கள். யாளி மேல் ஆள் இருந்தால் அவனும் தனி. ஒன்றில் வேலை செய்யும்போது மற்றதை மறைத்துவிடுங்கள்.

வடிவம் திருப்தியானதும் ரீமெஷை நிறுத்திவிட்டு, வலையைப் படிப்படியாக நுணுக்கும் மல்டிரெசல்யூஷனுக்கு வாருங்கள். 8,000 முகங்கள் முதல் படியில் 32,000, மூன்றாம் படியில் 5,12,000. பல டேப்லெட்டுகளுக்கு அதோடு போதும். மணிச்சரம் மாதிரி திரும்பத் திரும்ப வருவதைச் செதுக்கவே வேண்டாம். ஒரு மணி செய்து, அரே, கர்வ் மாடிஃபையர்களால் வளைகோட்டின் மேல் ஓடவிடுங்கள். சுருள் மயிரை கிரிட்டாவில் 512க்கு 512 பிக்சல் சாம்பல் படமாக வரைந்து, பிளெண்டர் பிரஷ்ஷின் டெக்ஸ்சராகப் போட்டால் முத்திரை குத்துவதுபோல் விழும். பிளெண்டரில் அன்டூ படிகளைக் குறைத்து 12 ஆக்கினால் ராம் மூச்சுவிடும்.

கேள்வி: மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் அலை அலையாக வருகிறது. கை நடுக்கமோ?
– வாசகர், ஆற்காடு

பதில்: ஸ்கேல் வைத்து இழுத்துப் பாருங்கள். அப்போதும் அலை வந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். திரையின் சென்சார் அப்படி. கிரிட்டாவில் பிரஷ் ஸ்மூத்திங்கை ஸ்டெபிலைசருக்கு மாற்றி, கோட்டைக் கொஞ்சம் வேகமாக இழுங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் திறந்தால் 2480க்கு 3508 பிக்சல். ஒரு லேயர் சுமார் 35 எம்பி. லேயர்களை அளவாக வையுங்கள்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் மதியம் வரைந்தால் டேப்லெட் ஆமையாகிறது.
– வாசகர், காட்பாடி

பதில்: சூடு ஏறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை, தலையணை மேல் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் மின்விசிறிக் காற்று படச் செய்யுங்கள். சார்ஜர் போட்டபடி வரைவதைத் தவிருங்கள். தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள். வியர்வைக் கை திரையில் ஒட்டினால் இரண்டு விரல் மூடிய ஓவியக் கையுறை போதும். செதுக்கும் வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.