சூரியனை உரசும் வால்மீன்: டெலஸ்கோப்புக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: சூரியனுக்கு மிக அருகே போகும் வால்மீன்கள் பகலிலேயே தெரியும் என்று யூடியூபில் பார்த்தோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் டெலஸ்கோப் கேட்கிறாள். கடைக்காரர் 18,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டி, "சூரிய ஃபில்டர் இலவசம், வால்மீன் வரும்போது ஸ்டாக் இருக்காது, இப்போதே முன்பணம் கட்டுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த இலவச ஃபில்டருக்காக நிச்சயமாக வேண்டாம்.

இந்த வகை வால்மீன் சூரியனைச் சுற்றித் திரும்பும் சில மணி நேரத்தில்தான் உச்சப் பிரகாசத்தில் இருக்கும். வெப்பத்தில் பனி ஆவியாகித் தூசியைக் கிளப்புகிறது, அந்தத் தூசி ஒளிர்கிறது. ஆனால் அப்போது வானத்தில் அது சூரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சூரிய ஃபில்டர் ஒளியை லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். அதைப் போட்டால் வால்மீனும் சேர்ந்து மறையும். போடாவிட்டால் கண் போகும்.

அந்த ஃபில்டரை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். கரும்பச்சைக் கண்ணாடித் துண்டு, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கண் வைக்கும் ஐபீஸின் அடியில் திருகி மாட்டச் சொல்வார்கள். லென்ஸ் திரட்டி அனுப்பும் வெப்பம் முழுக்க அங்கேதான் வந்து குவியும். கண்ணாடி விரிசல் விட்டால் விலகிக்கொள்ள நேரமே இருக்காது. ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்கிற அரசு இந்தப் பொத்தானைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. கிரகணக் கண்ணாடியைப் பைனாகுலருக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். பெட்டிமேல் "675 மடங்கு" என்று போட்டிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். அந்த விலைக் கருவியில் அவ்வளவு பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

பகலில் தெரிந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கிறது. 1965 அக்டோபர் 21 அன்று இகெயா–செகி வால்மீன் சூரியப் பரப்புக்கு மேலே சுமார் நாலரை லட்சம் கிலோமீட்டரில் கடந்தது. வெள்ளிக் கிரகத்தைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசம். ஜப்பானில் நண்பகலில் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். கவனியுங்கள், வெறுங்கண்ணால்! சூரியனைக் கட்டடத்தின் விளிம்பிலோ கையாலோ மறைத்துக்கொண்டு, பக்கத்து வானத்தைப் பார்த்தார்கள். தூசியில்லாத ஆழ்ந்த நீல வானமும் வேண்டும், சூரியனைச் சுற்றி வெளுத்துக் கிடக்கும் நகரத்து வானத்தில் அது நடக்காது. ஆக, அந்த அபூர்வ நாளிலும் டெலஸ்கோப்புக்கு வேலையில்லை. இதைத்தான் விற்பனையாளர்கள் பாதி சொல்லிப் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

முன்பணம் கட்டக் கூடாது என்பதற்கு ஐசான் வால்மீன் ஒன்றே போதும். 2012 செப்டம்பரில் கண்டுபிடித்ததுமே "நூற்றாண்டின் வால்மீன்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். 2013 நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றியபோது சிதறிப்போனது. டிசம்பரில் பார்க்க ஒன்றுமே இல்லை. அதைவிட மிக நெருக்கமாக, சுமார் 1.4 லட்சம் கிலோமீட்டர் உயரத்தில் போன லவ்ஜாய் வால்மீன் 2011 டிசம்பரில் தப்பி வெளியே வந்தது. பிறகு அதன் தலை சிதைந்தாலும், தென்கோளத்துக்காரர்கள் விடியற்காலையில் நீண்ட வாலைப் பார்த்தார்கள். எது பிழைக்கும், எது உடையும் என்று முன்கூட்டிச் சொல்வது அவ்வளவு கடினம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் உச்சப் பிரகாசம் என்று ஒற்றை எண் ஒன்று செய்தியாகிவிடுகிறது. அது ஊகம் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, மகளுக்கு என்ன செய்வது? சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ (SOHO) விண்கலம் 1995 டிசம்பரிலிருந்து விண்வெளியில் இருக்கிறது. அதன் கேமரா ஒரு வட்டத் தகட்டால் சூரியனை மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கிறது. படங்கள் இணையத்தில் இலவசம். 2024 மார்ச்சில் அதன் கணக்கு 5,000 வால்மீன்களை எட்டியது. பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக் கணினியில் படங்களை அலசிய ஆர்வலர்கள். அடுத்தடுத்த படங்களில் நட்சத்திரங்களோடு ஒட்டாமல் தனியாக நகரும் புள்ளியைத் தேட வேண்டும், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக்கு இது தாராளமாகப் போதும்.

ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்றால் 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) வாங்குங்கள். வால்மீன் பிழைத்து வந்தால், சூரியன் முழுதும் மறைந்த பிறகோ உதிப்பதற்கு வெகு முன்னரோ மட்டும் அதைக் கையிலெடுங்கள்.